இன்ஜினீயர் வீட்டில் ஒரு கணக்குப்பிள்ளை!

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது, வீட்டில் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் தொண்டைக்குழியிலேயே சிக்கிக்கொண்டு நிற்கும். நான் சொல்வது காதல் விவகாரமோ, அரியர்ஸ் விவகாரமோ இல்லை. அதையெல்லாம் நீங்கள் எப்படியோ சமாளித்துவிடுவீர்கள். 'நான் படிக்கிறது ஒண்ணு, போகப் போறது வேற ஒண்ணு' என்கிற விஷயம் இருக்கிறதே... அதைச் சொல்லத்தான் நாக்கு எழாது.

இந்த மாதிரிப் பக்கங்களில் வழக்கமாக உங்கள் கட்சிதான் பேசும். 'எங்கப்பாவுக்குப் புரியவே மாட்டேங்குது சார்' என்று பக்கம் பக்கமாகப் புலம்புவீர்கள். ஒரு மாறுதலுக்கு, இந்த வாரம் எதிர்க்கட்சிக்காரன் பேசுகிறேன். நான் ஒரு அப்பா. திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் இன்ஜினீயர். இரும்பை வெட்டுவது, வளைப்பது, வெல்டிங் வைத்து ஒட்டுவது என்று 30 வருஷத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. எனக்கு ஒரே பெண். பி.இ., எலெக்ட்ரானிக்ஸ். 2023-ல் படிப்பை முடித்தாள். கேம்பஸ் இன்டர்வியூவில் சாஃப்ட்வேர் கம்பெனி வேலை, கையில் ஆஃபர் லெட்டர். சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஸ்வீட் கொடுத்து முடித்த மூன்றாவது நாள் அவள் சொன்னாள்:

"அப்பா, நான் அந்த வேலைக்குப் போகலை. சி.ஏ. பண்ணப் போறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை, நம்புங்கள். வந்தது ஆச்சரியம். பொறியியல் படித்த பெண் சினிமாவுக்குப் போகிறேன் என்றாலோ, ஐ.ஏ.எஸ். எழுதுகிறேன் என்றாலோ, ஆர்கானிக் விவசாயம் என்றாலோகூட அது நான் கேள்விப்பட்ட கதை. கணக்கு எழுதப் போகிறேன் என்றால்?

"ஏம்மா, கணக்குப்பிள்ளை வேலைக்கா?" என்றுதான் கேட்டேன்.

அந்த 'கணக்குப்பிள்ளை' என்ற வார்த்தை என் வாயில் ஏன் அப்படி வந்து விழுந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு 1980-க்குப் போக வேண்டும்.

பசலி 1390

என் அப்பா, கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்துக் கர்ணம். உங்களுக்கு வி.ஏ.ஓ. தெரியும். கர்ணம் என்றால் வி.ஏ.ஓ.வுக்கு முந்தைய அவதாரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எந்த சர்வே நம்பரில் என்ன பயிர், எவ்வளவு விஸ்தீரணம், யார் பெயரில் பட்டா, யார் எவ்வளவு கிஸ்தி கட்ட வேண்டும்... எல்லாம் அவர் நோட்டில். பயிர்க் கணக்குக்கு அடங்கல் என்று பெயர். திண்ணையில் சாய்வு மேஜையைப் போட்டுக்கொண்டு அவர் எழுத உட்கார்ந்தால், தெருவில் பெரிய மனுஷர்கள்கூடக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். அவர் பேனா ஒரு எண்ணை மாற்றி எழுதினால் ஒருத்தனுடைய வயல் காகிதத்தில் இன்னொருத்தனுக்குப் போய்விடும். அவ்வளவு அதிகாரம்.

1980 நவம்பர் 14. தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. கர்ணம், மணியம் போன்ற பரம்பரை கிராமப் பதவிகள் எல்லாம் ஒரே நாளில் ஒழிந்தன. எதிர்த்துப் போட்ட வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1982-ல் அரசின் முடிவே நின்றது. அப்பன் பார்த்த பதவி மகனுக்கு என்ற முறை போனது நியாயம்தான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அந்த அதிகாரத்தைத் தப்பாகப் பயன்படுத்தியவர்களால் வயிறு எரிந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் நியாயமான சட்டம் வந்தாலும் ஒரு வீட்டில் அடுப்பு அணையத்தான் செய்யும். எனக்கு அப்போது 11 வயது. கணக்குக் கட்டுகளை எல்லாம் ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். பசலி 1390 அடங்கல் பாதி எழுதியபடி போயிற்று. (ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும் வருவாய்த் துறையின் ஆண்டுக்குத்தான் பசலி என்று பெயர். ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் பசலி வரும்.)

அன்றைக்கு அப்பா சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "இந்த வீட்டுல இனிமே யாரும் கணக்கு நோட்டைத் தொடக் கூடாது. நீ மெஷினைத் தொடு. மெஷின் யாரையும் ஏமாத்தாது, யாரும் அதைத் திட்டவும் மாட்டாங்க."

நான் மெஷினைத் தொட்டேன். என் பெண்ணும் மெஷினைத் தொட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 43 வருஷம் கழித்து, அதே குடும்பத்தில் ஒருத்தி கணக்கு நோட்டை நோக்கி நடக்கிறாள் என்றால் ஆச்சரியம் வருமா, வராதா? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். உங்கள் அப்பா 'வேண்டாம்' என்று சொல்லும்போது, பல நேரம் பேசுவது அவர் இல்லை. அவருக்கு 11 வயதில் நடந்த ஏதோ ஒன்று பேசுகிறது.

2,700 ரூபாய் எங்கே போச்சு?

சரி, அவளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது? கேட்டேன். வந்த பதில் என்னைக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வைத்தது.

மூன்றாம் வருஷத்தில் அவர்கள் டிபார்ட்மென்ட் சிம்போசியம். ஸ்பான்சர்கள் கொடுத்த பணம், ரெஜிஸ்ட்ரேஷன் பணம் எல்லாவற்றையும் ஒரு பையன் கையில் வைத்திருந்தான். விழா முடிந்து கணக்குப் பார்த்தால் 2,700 ரூபாய் உதைக்கிறது. நோட்டுப்படி இருக்க வேண்டிய பணம் கையில் இல்லை. உங்களுக்குத் தெரியாததா... காலேஜில் அரை நாள் போதும். 'அவன்தான் அடிச்சுட்டான்' என்று கேன்டீன் வரை பேச்சு வந்துவிட்டது. அந்தப் பையன் அழாத குறை.

என் பெண் அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டல் அறையில் பில்களை எல்லாம் பரப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பி.காம். படிக்கிற தோழி ஒருத்தி போனில் ஒரு டிப்ஸ் கொடுத்தாளாம்: 'வித்தியாசத் தொகை ஒன்பதால் மீதியில்லாம வகுபடுதா பாரு. வகுபட்டா, எங்கேயோ இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கலாம்.' 2,700-ஐ ஒன்பதால் வகுத்தால் 300. சரியாக வகுபடுகிறது! ஒவ்வொரு பில்லாகத் தேடியதில் மாட்டியது. சாப்பாட்டுக்காரருக்குக் கொடுத்தது 7,400. நோட்டில் எழுதியது 4,700. வித்தியாசம் 2,700. தீர்ந்தது கதை!

நீங்களும் ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். எந்த எண்ணிலும் பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி, பெரியதிலிருந்து சின்னதைக் கழித்தால் வருவது ஒன்பதால் வகுபடும். கணக்கர்கள் காலம் காலமாகப் பயன்படுத்துகிற சூட்சுமம் இது.

"ரெண்டு நம்பர் இடம் மாறி விழுந்ததுக்கு ஒருத்தன் ஆயுசு முழுக்கத் திருடன் ஆகியிருப்பான்ப்பா. அன்னைக்கு சர்க்யூட் டிசைன்ல கிடைக்காத ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைச்சுது. அதுக்கப்புறம் ஒரு வருஷம் யோசிச்சுத்தான் இதைச் சொல்றேன்" என்றாள்.

ஒரு வருஷம்! நம் வீட்டு டைனிங் டேபிளில் நமக்கு எதிரே உட்கார்ந்து சாம்பார் ஊற்றிக்கொண்டே ஒரு வருஷமாக யோசித்திருக்கிறாள். பெற்றவர்களுக்கு வரும் அதிர்ச்சிகளில் பாதி இந்த வகைதான். உங்களுக்கு அது ஒரு வருஷத்துப் பழைய செய்தி. எங்களுக்கு அது இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் வெடித்த பட்டாசு. காதடைப்பு தீரக் கொஞ்சம் டைம் கொடுங்கள், ப்ளீஸ்.

மூன்று காகிதம்

அவள் செய்த ஒரு காரியத்தை உங்களுக்கும் சிபாரிசு செய்கிறேன். கதவை அறைந்து சாத்தவில்லை. சாப்பிடாமல் படுக்கவில்லை. அம்மாவைத் தூது அனுப்பவில்லை. மறுநாள் சாயங்காலம் மூன்று காகிதங்களைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள்.

முதல் காகிதத்தில் வழி. ப்ளஸ் டூ முடித்தவர்கள் சி.ஏ.வுக்கு ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல் என்று மூன்று படி ஏற வேண்டும். பட்டதாரிகளுக்கு முதல் படி கிடையாது. காமர்ஸ் படித்தவர்கள் 55 சதவீதமும், மற்றவர்கள் 60 சதவீதமும் வாங்கியிருந்தால் நேராக இன்டர்மீடியட். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டப்படி, இன்டரில் இரண்டு குரூப், ஆறு பேப்பர். இரண்டும் தேறியபின் ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருஷம் ஆர்ட்டிகிள்ஷிப். முன்பு அது மூன்று வருஷமாக இருந்தது. அப்புறம் ஃபைனல், அதிலும் ஆறு பேப்பர்.

இரண்டாவது காகிதத்தில் செலவு. இன்ஸ்டிட்யூட் ஃபீஸ், புத்தகம், கோச்சிங், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷ வாரியாக எழுதியிருந்தாள். ஒரு பக்கம் என் பணம், இன்னொரு பக்கம் அவள் ட்யூஷன் எடுத்துச் சம்பாதிக்கப் போகிற பணம். ஆர்ட்டிகிள்ஷிப்பில் வரும் ஸ்டைபெண்ட் பாக்கெட் மணி அளவுதான் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள்.

மூன்றாவது காகிதம்தான் என்னை ஈர்த்தது. 'தோத்தா என்ன பண்றது?' என்று தலைப்பு. இத்தனை முயற்சிக்குள் இன்டர் தேறாவிட்டால் நிறுத்திக்கொள்வேன் என்று ஒரு கோடு. அதுவரை படித்ததை வைத்துக்கொண்டு போகக்கூடிய வேலைகள். காஸ்ட் அக்கவுன்டன்ட் படிப்புக்கு மாறும் வழி. எல்லாம் இருந்தது.

நானும் விடவில்லை. என் கேள்விகளை அடுக்கினேன்.

"நாலு வருஷ இன்ஜினீயரிங் வீணாப் போகுதே?"

"அந்தப் பணம் போனது போனதுதான்ப்பா. இனிமே எடுக்கிற முடிவுக்கு அதைக் கணக்குல சேர்க்கக் கூடாது. இதை நான் சொல்லலை, காஸ்ட் அக்கவுன்டிங் சொல்லுது. தவிர, இப்ப எல்லா கம்பெனி கணக்கும் கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. அந்த சிஸ்டத்தையே தணிக்கை பண்றதுக்கு என் படிப்பு உதவும்."

"டேலி வந்தாச்சு, ஏ.ஐ.யும் வந்தாச்சு. கணக்கு எழுத ஆளே வேண்டாம்கிறான். நீ இப்பப் போய்..."

"எழுதறதை மெஷின் எழுதட்டும்ப்பா. 'இது சரி'ன்னு கையெழுத்துப் போட்டு, தப்பா இருந்தா அதுக்குப் பதில் சொல்லப்போறது யாரு? ஒரு சி.ஏ. கொடுக்கிற ஒவ்வொரு சான்றிதழுக்கும் 2019-லேர்ந்து 18 இலக்கத்துல ஒரு தனி எண் போட்டாகணும். யாரு, எப்பக் கொடுத்தாங்கன்னு அதை வெச்சுக் கண்டுபிடிச்சுடலாம். தப்புன்னா அந்த மனுஷர்தான் மாட்டுவார். மெஷினை யாரும் கூண்டுல ஏத்த முடியாது."

"தேறுறது அவ்வளவு சுலபமில்லைன்னு சொல்றாங்களே?"

இதற்கு மட்டும் அவளிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. "ஆமாம்ப்பா, சுலபமில்லை" என்றாள். அதுதான் உண்மை. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரில் ஃபைனலின் இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதியவர்களில், இரண்டிலும் தேறியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40 வாங்க வேண்டும். அது போதாது, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒரு பாடத்தில் அள்ளி, இன்னொன்றில் கோட்டை விட்டால் கதை முடிந்தது.

மெட்ராஸில் ஒரு சிவபோகம்

இதற்கு நடுவில் என் மனைவி தன் பங்குக்கு ஒரு குண்டு போட்டார். "பொம்பளைப் புள்ளைக்கு ஆடிட்டர் வேலை சரிப்படுமா? ராத்திரி பகல்னு ஆபீஸ் ஆபீஸா அலையணுமே."

என் பெண் சிரித்துக்கொண்டே, மொபைலில் ஒரு பழைய ஃபோட்டோவைக் காட்டினாள். ஆர். சிவபோகம். இந்தியாவின் முதல் பெண் கணக்குத் தணிக்கையாளர். நம்ம மெட்ராஸ்காரர்! சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். 1933-ல் அந்தக் காலத்து அரசு அக்கவுன்டன்சி டிப்ளமோவைத் தேறினார். சிறை சென்றவர்களைக் கணக்குத் தணிக்கையாளராகப் பதிவு செய்ய முடியாது என்று வெள்ளைக்கார ஆட்சியின் விதி குறுக்கே நின்றது. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து, 1937-ல் தனியாகத் தொழில் தொடங்கினார். நாடு சுதந்திரம் அடைந்து, 1949 ஜூலை 1-ல் சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் பிறந்தது. அதன் தென்னிந்தியப் பிரிவுக்கு 1955 முதல் 1958 வரை தலைவராக இருந்ததும் அவர்தான்.

"ஜெயிலுக்குப் போனவங்களே வந்துட்டாங்க. நான் ஆபீஸுக்குத்தானேம்மா போகப் போறேன்?" என்றாள் அம்மாவிடம். என் மனைவி அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காபி போட எழுந்து போனார். எங்கள் வீட்டில் அதற்கு 'சரி' என்று அர்த்தம்.

ஏழு மார்க்

'அப்புறம் என்ன, ஜாலிதான்' என்று நினைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் இன்டர் இரண்டு குரூப்பும் எழுதினாள். தீபாவளிக்கு முதல் நாள் ரிசல்ட். முதல் குரூப் பாஸ். இரண்டாவது குரூப்பில் மூன்று பேப்பரிலும் 40-க்கு மேல். ஆனால், மொத்தம் 300-க்கு 143. வேண்டியது 150. ஏழு மார்க்கில் போச்சு.

அன்றைக்குத் தெருவெல்லாம் வெடிச் சத்தம். எங்கள் வீட்டில் டிவி சத்தம்கூட இல்லை. அவளோடு படித்த பெண்கள் பெங்களூரில் இரண்டாவது சம்பள உயர்வு வாங்கியிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் புதுக் கார் ஃபோட்டோக்கள் வந்துகொண்டிருந்தன. 'அந்த ஆஃபரை விட்டிருக்கக் கூடாதோ' என்று என் மனசுக்குள்ளும் ஓடியது. அவள் மனசிலும் ஓடியிருக்கும். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.

நல்ல நாளுக்கு மறுநாள் அவள் அந்த மூன்றாவது காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். 'தோத்தா என்ன பண்றது?' அதில் ஒரு முயற்சியை அடித்துவிட்டு, "இன்னும் கோட்டைத் தாண்டலைப்பா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. 2025 ஜனவரியில் மறுபடி எழுதினாள். மார்ச்சில் ரிசல்ட், பாஸ்.

அந்தக் காகிதம் மட்டும் இல்லாதிருந்தால் அந்தத் தீபாவளி எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டையாகத்தான் முடிந்திருக்கும். தோல்விக்கும் சேர்த்து முன்கூட்டியே இரண்டு பேரும் ஒப்புக்கொண்டிருந்ததால், தோல்வி வந்தபோது யாரும் யாரையும் குத்திக்காட்ட இடமில்லாமல் போயிற்று.

அட்டிக்குள் ஒரு பள்ளம்

இப்போது ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு குடோனில் சரக்கு எண்ணப் போயிருக்கிறாள். எந்த ஊர், யாருடையது என்று என்னிடமே சொல்லவில்லை. "கிளையன்ட் ரகசியம்ப்பா, கேட்காதீங்க." சரி, கேட்கவில்லை.

மூட்டைகள் அட்டி போட்டு அடுக்கியிருக்கின்றன. நீளத்தில் 20, அகலத்தில் 12, உயரத்தில் 10. பெருக்கினால் 2,400. நோட்டிலும் 2,400. 'டிக்' அடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே? இவள் ஏணி கேட்டிருக்கிறாள். மேலே ஏறிப் பார்த்தால் நடுவில் பெரிய பள்ளம்! வெளிச்சுவர் மட்டும்தான் மூட்டை. உள்ளே காற்று. ஒவ்வொன்றாக எண்ணினால் 1,912.

குடோன்காரர் வந்து தண்மையாகப் பேசியிருக்கிறார். "நாளைக்குக் காலையில லோடு வந்துடும்மா. 2,400-ன்னே போட்டுடு. சின்னப் பொண்ணு, உனக்கு எதுக்கு வம்பு?"

எண்ணிக்கைத் தாளில் எண்ணியவர் கையெழுத்துப் போட வேண்டும். இவள் தன் ஆடிட்டருக்குப் போன் செய்தாள். அவர் சொன்னது இரண்டே வார்த்தை: "எண்ணினதை எழுது."

1,912 என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள், கை லேசாக நடுங்கியதாம்.

'நானூறு, ஐந்நூறு மூட்டைக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்' என்று தோன்றுகிறதா? 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனத் தலைவர் ஒரு கடிதம் எழுதினார். கம்பெனிக் கணக்கில் ரொக்கம், பேங்க் இருப்பு என்று காட்டியதில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் கிடையவே கிடையாது என்று. அதுவும் ஓர் அட்டிதான். வெளியே அடுக்கு, உள்ளே பள்ளம். பங்கு வாங்கிய சாதாரண ஜனங்களின் சேமிப்பு கரைந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தவித்தார்கள். ஏணி கேட்டு மேலே ஏறிப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

இந்தக் கதையைக் கேட்டபிறகு அவளிடம் தாத்தாவைப் பற்றிப் பேசினேன். அதுவரை அவளுக்கு 'தாத்தா கர்ணம்' என்ற ஒரு வரி மட்டும்தான் தெரியும். திண்ணை, சாய்வு மேஜை, பாதியில் நின்ற அடங்கல் எல்லாம் சொன்னேன். வருஷா வருஷம் ஜமாபந்தி வந்தால் அப்பா பத்து நாள் சரியாகத் தூங்க மாட்டார். தாலுகா ஆபீஸில் மேலதிகாரி முன்னால் கிராமக் கணக்குகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். இப்போது ஜமாபந்தி என்றால் ஜனங்கள் மனு கொடுக்கும் நாள் என்று ஆகிவிட்டது. அடிப்படையில் அது கிராமக் கணக்குக்கு நடக்கும் ஆடிட்.

"அப்ப தாத்தா அக்கவுன்ட்ஸ், நான் ஆடிட்டா? நல்லா இருக்கே!" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கேட்டாள்: "தாத்தாவோட கணக்கை நான் தணிக்கை பண்ணியிருந்தா சரியா இருந்திருக்குமாப்பா?"

எனக்குத் தெரியாது. அந்தக் கட்டுகள் இப்போது எங்கே இருக்கின்றனவோ. 'தாத்தா தப்பே பண்ணியிருக்க மாட்டார்' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் எண்ணாத மூட்டைக்குக் கையெழுத்துப் போடாத பெண்ணிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று தோன்றியது. "தெரியலைம்மா" என்றேன். தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு...

எல்லோரும் சி.ஏ. படியுங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்தியாவில் 4 லட்சத்துக்கும் அதிகமான சி.ஏ.க்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால், பாதியில் விட்டவர்கள் பலர் உண்டு. பிடிக்காமல் போய் உட்கார்ந்தால் இரண்டாவது பேப்பரிலேயே மூச்சு முட்டும். என் பெண்ணுக்கே இன்னும் ஃபைனல் என்ற மலை பாக்கி இருக்கிறது. ஏறுவாளா என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் பாதை சி.ஏ.வோ, சமையலோ, சப்டைட்டில் எழுதுவதோ, எதுவாகவும் இருக்கட்டும். அப்பாவிடம் போகும்போது ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மூன்று காகிதமும் எடுத்துப் போங்கள். வழி, செலவு, தோற்றால் என்ன என்பது. மூன்றாவது காகிதம் முக்கியம். உங்களுக்குப் பயம் இல்லை என்று காட்டினால் எங்களுக்குப் பயம் அதிகமாகும். உங்கள் பயத்தையும் எழுதிக் காட்டினால் எங்கள் பயம் பாதியாகிவிடும்.

எல்லா அப்பாக்களும் மூன்று காகிதத்தில் இளகிவிடுவார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது. கடன் வாங்கிப் படிக்க வைத்த வீட்டில் முதல் சம்பளம் எப்போது வரும் என்பது வாழ்வா சாவா கேள்வி. அங்கே இரண்டாவது காகிதத்தைத்தான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள். அதை மனசில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இரண்டு வருஷம் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிட்டுப் போவதுகூட ஒரு வழிதான். அதையும் காகிதத்தில் போடுங்கள்.

பேசி முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். "அப்பா, உங்க அப்பா உங்களை என்ன ஆகச் சொன்னார்?" அதற்கு வரும் பதில் நீளமாக இருக்கும். நடுவில் மொபைலை எடுக்காமல் கேளுங்கள்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாடு முடிந்ததும் டிவியை நிறுத்திவிட்டு ஆரம்பிக்கலாம். ஆல் தி பெஸ்ட்!